மங்கலம் அக்கா பாஸ் பண்ணிய நாய்

மங்கலம் அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பினால் பதினெட்டுப் படி இறங்குவார். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் நிற்பார். பிறகு அதே பதினெட்டுப் படியையும் திரும்ப ஏறிப் போய், தன் வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இறங்குவார். பத்தொன்பது வருஷமாக இது நடக்கிறது. நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்பேன். இறங்கும் செருப்புச் சத்தம், நிற்கிற அமைதி, ஏறும் சத்தம், பூட்டு மூன்று தடவை இழுபடும் சத்தம். அது முடிந்தால் மணி ஆறேகால்.

அவர் நாலாம் மாடி. அவருக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் நாங்கள். யாங்கூனில் போட்டாதாங் பகுதியில், ஸ்ட்ராண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், லிஃப்ட் இல்லாத ஆறு மாடிக் கட்டடம். என் வீட்டுக்காரர் பொன்னுத்துரைக்குப் படகுத்துறையில் வேலை. நான் வீட்டிலேயே ரவிக்கையும், பர்மியப் பெண்கள் போடும் மேல்சட்டையும் தைக்கிறேன். பகலில் எங்கள் படிக்கட்டில் வீட்டோடு இருக்கிற ஆட்கள் குறைவு. அதனால் யாருக்கு எது என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

மங்கலம் அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலர் இரண்டு பக்கமும் சமமா, பட்டன் நேராக இருக்கிறதா என்று அளவு நாடா வைத்துப் பார்த்து, சரியென்றால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட் என்று ஒதுக்குகிற வேலை. வாரத்தில் ஆறு நாள். காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பாலம் தாண்டிப் போய்த் திரும்பி வர மாலை ஆறரை ஆகும். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள் லீவு எடுத்தவரில்லை.

வீட்டிலும் அதே கண்தான். நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தத் தையல் அரை நூல் தள்ளிப் போயிருக்கு காளி. சரி, நம்ம பிள்ளைதானே, பாஸ்" என்பார். குறையையும் சொல்லி, பாஸும் போடுகிறவருக்கு என்ன பதில் சொல்வது?

போன வருஷத் தொடக்கத்தில் பக்கத்துத் தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டைத் திறந்து, கரண்டு போனால் விளக்கெரிய வைத்திருந்த பாட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டார் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். அதைக் கேட்ட நாளிலிருந்து மங்கலம் அக்கா பூட்டை ஐந்து தடவை இழுக்க ஆரம்பித்தார். ஒருநாள் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி நாலு மாடி ஏறினார். பஸ் போய்விட்டது, வேறு பஸ் பிடித்துத்தான் வேலைக்குப் போனார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"காளி, நான் நாய் வளக்கப் போறேன்."

"பகல்லே பன்னிரண்டு மணி நேரம் வீட்டிலே ஆளில்லையே அக்கா."

"அதுக்குத்தாண்டி நாய்" என்றார்.

நாயை யார் பார்த்துக்கொள்வது என்பதற்காக நான் கேட்டேன். வீட்டை யார் பார்ப்பது என்று அவர் எடுத்துக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டுப் பழக்கமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் மாவ்பிக்குப் போனார். அங்கே அவருடைய பெரியப்பா மகன் உதயசூரியன் காய்கறி போட்டு, கோழி வளர்க்கிறார். அவர் தோட்டத்து நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. இரண்டு மாதக் குட்டிகள். எல்லாமே கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.

மங்கலம் அக்கா கைப்பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். நான் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி மடியில் வைத்து, காது இரண்டையும் அளந்தார். முன்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். முதுகில் விரலை ஓட்டி முடி ஒரே பக்கம் படிகிறதா என்று பார்த்தார். உதயசூரியன் அண்ணன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"மங்கலம், நாயா எடுக்கறே, சட்டையா எடுக்கறே?"

"எதை எடுத்தாலும் பாத்துதான் எடுக்கணும் அண்ணே."

பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி இருந்தது. அதற்கு ஒரு காது மடிந்திருந்தது. அது யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. நடந்து வந்து என் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டது.

"அதை எடுத்துக்க. சத்தம் போடாது. மாடி வீட்டுக்கு அதுதான் சரி" என்றார் அண்ணன்.

"காது கோணல். ரிஜெக்ட்" என்றார் மங்கலம் அக்கா. "சத்தம் போடாத நாயை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கதவுலே நாய்ப்படம் ஒட்டிக்கலாமே."

அவர் எடுத்தது வெள்ளைக் குட்டி. காது இரண்டும் ஒரே அளவு. உடம்பில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. நாங்கள் வந்ததிலிருந்து அது ஒன்றுதான் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் கூடைக்குள்ளிருந்து யாங்கூன் வரும்வரை கத்தியது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவை எழுந்து பின்னால் போய்விட்டார். மங்கலம் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"குரலைப் பாத்தியா? தெருமுனைவரைக்கும் கேக்கும்."

கேட்டது. அதுதான் பிறகு தொந்தரவாகிப்போனது.

நாய்க்கு மானேஜர் என்று பேர் வைத்தார். ஏன் என்று பொன்னுத்துரை கேட்டதற்கு, "பத்தொன்பது வருஷமா மானேஜருங்க என்னை நிக்க வச்சே பேசுறாங்க. ஒரு மானேஜரையாவது நான் உக்காருன்னு சொல்லணும்" என்றார். சொன்னார். அது உட்காரவில்லை.

இரண்டு மாதக் குட்டியைப் பன்னிரண்டு மணி நேரம் பூட்டி வைத்தால் என்ன ஆகுமோ அதெல்லாம் ஆனது. செருப்பு போனது, பாய் போனது, மேசைக் கால் ஒன்று பாதியானது. காலையில் ஐந்து மணிக்கு அவர் பால்கனியைக் கழுவினால் தண்ணீர் என் பால்கனிக்குத்தான் இறங்கும். அவருக்குக் காலை ஒன்பதரைக்கும் பகல் மூன்றுக்கும் தொழிற்சாலையில் இடைவேளை. இரண்டு வேளையும் போன் வரும்.

"காளி, மானேஜர் என்ன பண்றான்?"

"எனக்கு எப்படி அக்கா தெரியும்? நான் கீழே இருக்கேன்."

"ஸ்டூல் மேலே ஏறி, காதை மேலே வச்சுக் கேட்டுச் சொல்லு."

ஸ்டூலில் ஏறிக் கேட்டுச் சொல்வேன். கத்தரித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு, கூரைக்குப் பக்கத்தில் காதை வைத்து, நடக்கிறது, சொறிகிறது, எதையோ இழுக்கிறது என்று சொல்வேன். சாவியைக் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சாவியை அவர் பெற்ற தாயிடமே கொடுத்ததில்லை.

காலையில் வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டை நாய் அவர் படி இறங்குவதற்குள் தின்று முடித்துவிடும். பிறகு சாயங்காலம்வரை பட்டினி. இதற்கு மங்கலம் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்.

யாங்கூனில் மாடிவீட்டுப் பால்கனி என்றால் கயிறு இருக்கும். கயிற்றின் கீழ்நுனி தெருவில் தொங்கும், அதில் ஒரு கிளிப். மேலே ஒரு மணி. பேப்பர்காரரோ ரொட்டிக்காரரோ வந்தால் கயிற்றை இழுப்பார். மணி அடிக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கிளிப்பில் மாட்டியதை மேலே இழுத்துக்கொள்வார். நாலு மாடி இறங்கி ஏற யாருக்கு முடியும்? மங்கலம் அக்கா தன் பால்கனிக் கம்பியில் ஒரு சிறிய கப்பியைக் கட்டி, கயிற்றை அதன்மேல் போட்டு, இரண்டு நுனியையும் தெருவுக்கு விட்டார். ஒரு நுனியில் சாப்பாட்டுப் பையை மாட்டி, மறு நுனியைக் கீழேயிருந்தே இழுத்தால் பை தானாக மேலே போகும். மணி அடிக்கும். நாய் கம்பி இடுக்கில் மூக்கை நீட்டிப் பையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இழுக்கிற வேலை, கட்டடத்துக்குக் கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் ஜுல்ஃபிகர் பாய்க்கு. காலையில் போகும்போது பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். பகல் பன்னிரண்டு ஆனால், என் ஜன்னலுக்கு வெளியே கோழிக்கால் குழம்புச் சோறு ஒரு பிளாஸ்டிக் பையில் ஆடி ஆடி மேலே போகும். பையில் எங்காவது ஓட்டை இருக்கும். பால்கனியில் காயப்போட்டிருக்கும் ரவிக்கைத் துணியில் குழம்பு சொட்டும்.

வெற்றிலை வாங்கப் போன பொன்னுத்துரையிடம் பாய் சொன்னாராம்: "நான் வெத்திலை மடிக்கறதா, உங்க மானேஜருக்குப் பரிமாறறதா? கடையிலே ஆள் நிக்கிது. இது மேலேயிருந்து என்னையே பாத்துக்கிட்டு நிக்கிது."

"எங்க மானேஜர் இல்லை பாய்" என்றாராம் இவர்.

ஏப்ரலில் இந்தக் கயிறு ஆரம்பித்தது. மே மாதம் நாய் பகல் முழுக்கக் குரைக்க ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம்வரை விட்டு விட்டுக் கேட்கும். மூன்று நிமிஷம் குரைக்கும், ஊளையிடும், நிறுத்தும். நான் இரண்டு தையல் போடுவதற்குள் மறுபடி ஆரம்பிக்கும்.

எல்லோரும் என் கதவைத் தட்டினார்கள். குரைக்கிற நாயின் சொந்தக்காரி தன்லியினில் இருக்கிறார், நான்தானே வீட்டில் இருக்கிறேன். முதல் மாடி பர்மிய அம்மா டோ கின் மியிண்ட் வந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் படிக்கட்டுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். கெட்டவரில்லை. தினமும் காலையில் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவர். ஆனால் காலையிலும் பகலிலும் தியானத்தில் உட்காருகிறவர்.

"மா காளி, நான் கண்ணை மூடினால் அது வாயைத் திறக்கிறது" என்றார் பர்மியத்தில். தன்னைவிட இளைய பெண்களை அவர்கள் மா போட்டுத்தான் கூப்பிடுவார்கள். "மா மங்கலத்திடம் சொல்."

சாயங்காலம் சொன்னேன். மங்கலம் அக்கா, "பசி" என்றார். மறுநாளிலிருந்து இரண்டு பை. பத்து மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று. குரைப்பு அதிகமானது. "தனியா இருக்கான் பாவம்" என்று ரேடியோவைப் போட்டுவிட்டுப் போனார். கரண்டு நினைத்த நேரத்தில் போய் நினைத்த நேரத்தில் வருகிறது. ரேடியோ திடீரென்று அலறும், நாய் குரைக்கும், இரண்டும் சேர்ந்து நடக்கும். பிறகு "ஓடவிட்டா அலுத்துத் தூங்கும்" என்று காலை நாலே முக்காலுக்கு நாயை நாலு மாடி இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினார். மானேஜர் அலுக்கவில்லை. படிக்கட்டில் இருக்கும் பன்னிரண்டு வீடும் அலுத்தது.

ஆகஸ்டில் டோ கின் மியிண்ட் மங்கலம் அக்காவையே நேரில் பிடித்துச் சொல்லிவிட்டார். அக்டோபரில் தெருவெல்லாம் விளக்கு வைக்கும் ததின்ஜுட் பௌர்ணமிவரை பார்ப்பார்கள். அதற்குள் சத்தம் நிற்கவில்லையென்றால், நாயை மாவ்பியில் இருக்கும் புத்த மடத்தில் விட்டுவிட வேண்டும். வளர்க்க முடியாத நாய்களை அங்கேதான் விடுவார்கள். ஏற்கெனவே அறுபது, எழுபது நாய் கிடக்கிறது. சாமியார்கள் சோறு போடுகிறார்கள். ஆனால் அறுபது நாய்க்கு நடுவில் புதிதாக ஒன்று போனால் அதற்குச் சோறு கிடைப்பது அதன் பாடு.

மங்கலம் அக்கா உதயசூரியன் அண்ணனுக்குப் போன் போட்டார். அவர், "இங்கே இடமில்லை மங்கலம். அந்தக் காது மடிஞ்ச குட்டியை ஒரு டாக்டர் எடுத்துட்டுப் போனாரு, சத்தமே இல்லையாம்" என்றார். இதை மங்கலம் அக்காவே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "காது கோணல்தானே அது" என்றார்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் ராத்திரியெல்லாம் பெய்த மழையில் காலையில் தெருவில் முழங்கால்வரை தண்ணீர். பேப்பர் வரவில்லை. ரொட்டி வரவில்லை. பாய் கடை திறக்கவில்லை. கம்பெனி பஸ் மட்டும் எப்படியோ வந்துவிட்டது, மங்கலம் அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் ஏறினார். அன்று நாய் குரைக்கவில்லை. ஒன்பதரைக்குப் போன் வந்தது.

"என்ன பண்றான்?"

"சத்தமே இல்லை அக்கா."

"சத்தமே இல்லையா? போய்க் கதவைத் தட்டுடி. உயிரோட இருக்கானா பாரு."

ஏறிப் போய்த் தட்டினேன். கதவுக்கடியில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அவ்வளவுதான். பத்து மணிப் பை வரவில்லை, இரண்டு மணிப் பையும் வரவில்லை, பட்டினி. ஆனாலும் குரைக்கவில்லை. அப்போது குரைப்புக்குக் காரணம் பசியும் இல்லை, தனிமையும் இல்லை என்று தெரிந்தது. சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் ரொட்டிக்காரர் வந்து ஐந்தாம் மாடிக் கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. மேலே நாய் ஆரம்பித்தது.

நான் ஊசியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பகலில், மணிகள் எல்லாம் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, என் பால்கனி மணியை நானே ஒரு தடவை ஆட்டினேன். குரைத்தது. அது நிறுத்தும்வரை காத்திருந்து மறுபடி ஆட்டினேன். குரைத்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. மணி அடித்தால் சோறு வரும் என்று மங்கலம் அக்கா அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு மணி, எதிர்க் கட்டடத்தில் பன்னிரண்டு மணி. பேப்பர், ரொட்டி, கீரை, தயிர், போன் கார்டு, துணி என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்பதால் எங்கள் காதில் அது விழுவதே இல்லை. நாயின் காதில் ஒவ்வொன்றும் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சாப்பாடு என்று ஓடி வந்து, பை இல்லாமல் ஏமாந்து கத்தியிருக்கிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. ஆளைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது என்பது ஒரு காரணம். அதைமட்டும் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. நாய் போனால் ரவிக்கையில் குழம்பு சொட்டாது. ஸ்டூலில் ஏற வேண்டாம். கதவை யாரும் தட்ட மாட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் மூடிக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, ஆறேகாலுக்குப் படி இறங்கும் சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் நின்றது. திரும்ப ஏறவில்லை. கதவு தட்டப்பட்டது. மங்கலம் அக்கா கோவிலுக்குக் கட்டுகிற சேலையில் நின்றார். ஒரு கையில் நாய்க் கயிறு, இன்னொரு கையில் பை.

"லீவு போட்டிருக்கேன். மடத்துக்கு வா. எடுக்கும்போது நீதானே கூட வந்தே" என்றார்.

பைக்குள் நாயின் தட்டும் பாதி பாக்கெட் பிஸ்கட்டும் விரிப்பும் இருந்தன. விரிப்பு நான் தைத்தது. ஓரம் சரியில்லை என்று இரண்டு தடவை பிரிக்கச் சொன்னார், ஒரு நாய்க்கு. நான் சேலை மாற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், என் மெஷின் மேல் கிடந்த அளவு நாடாவை எடுத்து, தரையில் உட்கார்ந்து நாயின் காதுகளை அளந்துகொண்டிருந்தார். நாய் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் இன்னமும் ஒரே அளவு" என்றார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "நான் பாஸ் பண்ணின சரக்கு ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை காளி. இவன்கிட்டே குறை ஒண்ணும் இல்லை. எங்கிட்டேதான் இருக்கும்போல" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. சட்டை ஆனாலும் சாம்பார் ஆனாலும் குறை எப்போதும் அடுத்தவரிடம்தான் இருக்கும்.

"அக்கா, அது மணிக்குத்தான் கத்துது" என்றேன்.

"எந்த மணிக்கு?"

"பால்கனி மணிக்கு." பிறகு மழை நாளையும், நான் மூன்று தடவை ஆட்டிப் பார்த்ததையும் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் நன்றி சொல்லவில்லை. "எத்தினி நாளாத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்பது நாள்."

"ஒன்பது நாளா நான் மேலே அழுதுக்கிட்டு இருந்தேன். நீ கீழே தச்சுக்கிட்டு இருந்தே."

உண்மைதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மங்கலம் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

ஒன்பது மணிக்குள் டோ கின் மியிண்டைக் கையைப் பிடித்து ஏற்றி, என் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். கீழே ஜுல்ஃபிகர் பாயிடம், அடுத்த வீட்டு மணிக் கயிற்றை அவர் சொல்லும்போதெல்லாம் இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு தடவை போதாதா என்று டோ கின் மியிண்ட் கேட்டார். "ஒரு சட்டையைப் பாத்து ஒரு கட்டைப் பாஸ் பண்ண முடியுமா? பத்துத் தடவை" என்றார் மங்கலம் அக்கா. பால்கனியில் நின்று கையை உயர்த்துவார், பாய் இழுப்பார், மணி அடிக்கும், நாய் குரைக்கும். நடுநடுவே மணி அடிக்காமல் காத்திருப்பார், நாய் சும்மா இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டார்.

எனக்குத் திருநாளுக்குக் கொடுக்க வேண்டிய சட்டை ஏழு பாக்கி இருந்தது. ஆறாம் தடவை மணி அடித்ததும் நான் பின்னறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். கரண்டை நம்ப முடியாது என்பதால் கால் மெஷின்தான்.

பத்தும் முடிந்தது. பத்துக்குப் பத்து. டோ கின் மியிண்ட் ஒப்புக்கொண்டார். "சரி, மணிதான். அதற்கு என்ன செய்வது?"

"எல்லாரும் மணியைக் கழட்டிடலாம்."

"மா மங்கலம், உன் நாய்க்காக என் மணியை நான் கழற்ற மாட்டேன். எனக்கு மருந்து அதில்தான் வருகிறது. எதிர்க் கட்டடத்துக்காரர்களிடம் போய் யார் கேட்பது?"

இந்தப் பேச்சில் மங்கலம் அக்கா பாயிடம் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார், பால்கனியில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பாய் கீழேயிருந்து இழுத்துக்கொண்டே இருந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று மணி அடித்தது. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. நாய் குரைக்கவில்லை. முன்னறையிலும் அது இல்லை.

தேடிக்கொண்டு பின்னறைக்கு வந்தார்கள். என் மெஷினுக்கு அடியில், மிதிகட்டைக்குப் பக்கத்தில், என் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. நான் மிதித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் மணிச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் நிறுத்தவில்லை.

"மெஷின் ஓடினா அவனுக்குக் கேக்கலை" என்றார் மங்கலம் அக்கா மெதுவாக. பிறகு டோ கின் மியிண்ட் பக்கம் திரும்பி, "பகல்லே இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றார். என்னைக் கேட்டுவிட்டுச் சொன்னதுபோல அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்.

டோ கின் மியிண்ட் நியாயமானவர். "மா காளிக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் ஐந்தாம் மாடிப் பெண்ணும் வந்து நின்று பார்த்தாள். தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்துக் குனிந்தேன். தலையாட்டினேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பொன்னுத்துரை சாப்பிட உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். சிரித்து முடிக்க அவருக்கு நேரமானது. "நாய் வேணாம்னுதானே ஒன்பது நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தே? தொறந்தே, வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு."

"நான் தலையாட்டலை" என்றேன்.

"இதை அங்கே சொல்லியிருக்கலாம்ல?"

இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. நாய் மடத்துக்குப் போகவில்லை, கட்டடத்தில்தான் இருக்கிறது. ஞாயிறு தவிர மற்ற நாள் காலை ஆறு பத்துக்கு என் வீட்டுக்கு வருகிறது, மாலை ஆறரைக்கு மேலே போகிறது. கப்பியைக் கழற்றியாயிற்று. சோற்றை நான் கையால் வைக்கிறேன். நான் மெஷினை நிறுத்தினால் எழுந்து உட்கார்ந்து காதைத் தூக்குகிறது, அதனால் முன்பைவிட நாளுக்கு ஒரு சட்டை அதிகமாகத் தைக்கிறேன். போன வாரம் மங்கலம் அக்காவுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "வெள்ளை முடி ஒட்டியிருக்கு காளி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் வீட்டுக்குக் காவல் என்று வாங்கிய நாய் என் வீட்டில் இருக்கிறது. அவர் வீடு முன்புபோலவே பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. சாவி இன்னும் யாரிடமும் இல்லை. காலையில் நாயை என்னிடம் விட்டதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடச் சொல்கிறார். நான் போடுகிறேன். வெளியே நின்று என் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். அதன்பிறகு பதினெட்டுப் படி ஏறிப் போய்த் தன் பூட்டை மூன்று தடவை இழுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பஸ் ஏறுகிறார்.